பாகு வேண்டாம், நெய் வேண்டாம்: மாட்சா சத்துருண்டை பிடிக்க அக்கா தரும் டிப்ஸ்

மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி ஆனதும் வரும் பசி ஒரு தனி ரகம், தங்கச்சி. வயிறு காலியாகி இருக்காது. ஆனாலும் கண் சொக்கும், தலை கனக்கும், கை தானாக பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும். அந்த நேரத்துக்கு டப்பாவில் இரண்டு சத்துருண்டை இருந்தால் போதும். ஓவன் வேண்டாம், பாகுப் பதம் பார்க்க வேண்டாம், பாலும் நெய்யும் தேனும் வேண்டாம். விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் பண்டம் இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுவதற்கும் ஆகும். இப்போது எல்லோரும் கேட்கிற மாட்சாவை, அதாவது ஜப்பானியக் கிரீன் டீ பொடியை, இதில் எப்படிச் சேர்ப்பது, எங்கே கவனமாக இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இதைத் தெரிந்துகொள்

இந்த உருண்டையில் உனக்குத் தெம்பு தருவது பேரீச்சையும் பருப்புகளும்தான். பேரீச்சையின் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேரும். பாதாம், வேர்க்கடலை, எள் இவற்றின் கொழுப்பும் புரதமும் நார்ச்சத்தும் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். மாட்சா தருவது மணமும் லேசான துவர்ப்பும் ஓரளவு காஃபீனும். அதில் தியானைன் என்கிற அமினோ அமிலமும் உண்டு. மாட்சாவைச் சேர்த்தால் உடம்பு இளைக்கும், நச்சு வெளியேறும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. ருசிக்காகச் சேர், அளவாகச் சேர்.

இன்னொன்று, மாட்சாவுக்குச் சூடு ஆகாது. தேயிலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். சூடோ புளிப்போ பட்டால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் விலகிவிடும், நிறம் பழுப்புப் பச்சையாக மாறும். மாட்சா கேக் வெந்து வரும்போது நிறம் மங்குவதற்கு இதுதான் காரணம். அடுப்பில் வைக்காமல் பிடிக்கிற உருண்டையில் மாட்சாவின் நிறமும் மணமும் சூட்டால் கெடாது. அதனால்தான் விலை கொடுத்து வாங்கிய மாட்சாவை இதற்குச் செலவழிக்கலாம் என்கிறேன்.

மாட்சா வாங்கும்போது

கிரீன் டீ இலையை வீட்டு மிக்ஸியில் பொடித்தால் மாட்சா ஆகாது. ஜப்பானில் மாட்சாவுக்கான தேயிலைச் செடியை, பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே நிழல்போட்டு மூடிவிடுவார்கள். வெயில் குறைந்ததும் இலையில் பச்சையமும் தியானைனும் கூடும், துவர்ப்பு குறையும். பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் அரைப்பார்கள். ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைத்துத் தருவது 40 கிராம் அளவுதான். கியோட்டோ பக்கத்து உஜி, ஐச்சி மாகாணத்து நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, தெற்கே ககோஷிமா ஆகியவை பேர்போன ஊர்கள்.

உலகமே மாட்சா கேட்கத் தொடங்கிய பிறகு தட்டுப்பாடும் வந்துவிட்டது. 1717-ல் தொடங்கிய கியோட்டோவின் இப்போடோ கடையே 2024-ல் விற்பனைக்கு வரம்பு வைத்தது. சரக்கு குறையும் காலத்தில் கலப்படமும் மட்டரகமும் கூடும். அதனால் வாங்கும்போது இவற்றைப் பார்:

• டப்பாவின் பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் 'கிரீன் டீ பொடி' என்று ஒன்றுதான் இருக்க வேண்டும். 'மாட்சா லாட்டே மிக்ஸ்' என்று விற்கும் பாக்கெட்டுகளில் சர்க்கரையும் பால் பவுடரும் இருக்கலாம். பால் பவுடர் இருந்தால் உன் உருண்டை வீகன் இல்லை.

• நிறம் பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினாலோ காய்ந்த இலை நிறத்தில் இருந்தாலோ அது பழசு, இல்லையென்றால் மட்டம்.

• இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார். முகப் பவுடர் போல வழுக்க வேண்டும், நறநறக்கக் கூடாது.

• 'செரிமோனியல் கிரேடு', 'குலினரி கிரேடு' என்ற பெயர்களுக்கு உலகம் முழுக்கச் செல்லும் ஒரே சட்ட அளவுகோல் கிடையாது. உருண்டைக்குச் சமையலுக்கான ரகமே போதும். வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் விலை உயர்ந்த ரகத்தின் நுணுக்கம் பேரீச்சை இனிப்பில் காணாமல் போய்விடும்.

• 30 கிராம் டப்பாவாக வாங்கு. திறந்த பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடு. காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றுமே இதற்கு எதிரி. இறுக மூடி ஃப்ரிட்ஜில் வை. வெளியே எடுத்ததும் உடனே திறக்காதே. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திற. இல்லையென்றால் டப்பாவுக்குள் நீர் பூத்துப் பொடி கட்டிதட்டிவிடும்.

வீகனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஊர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், அவ்வளவுதான். பாலும் நெய்யும் தேனும் அதில் அடங்கும். வீகன் உணவுக்கென்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி சதுரத்துக்குள் இலையோடு கூடிய பச்சை நிற 'வி' எழுத்து முத்திரை இருக்கும். முத்திரை இல்லையென்றால் உட்பொருள் பட்டியலை வரி வரியாகப் படி. டார்க் சாக்லேட் துண்டுகளில் பால் கொழுப்பு, புரோட்டீன் பவுடரில் வே எனும் பால் புரதம், ஓட்ஸ் மியூஸ்லியில் தேன் என்று எங்காவது ஒளிந்திருக்கும்.

நெய்யின் இடத்தில் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், அல்லது வேர்க்கடலை வெண்ணெய். தேனின் இடத்தில் பேரீச்சையோ உலர் திராட்சையோ. வேறு எதுவும் தேட வேண்டாம்.

கைக்கு எடுக்கும் முன்

இது வேகவைக்காத பண்டம். கிருமி இருந்தால் அதைக் கொல்ல அடுப்பு வராது. மிக்ஸி ஜார், தட்டு, கரண்டி, கை எல்லாம் சுத்தமாக, முக்கியமாக ஈரமில்லாமல் இருக்கட்டும்.

ஜாரில் நேற்று அரைத்த மசாலா வாசனை நிற்கும். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையை முதலில் ஓடவிட்டுத் தட்டி எடுத்துவிடு, வாசனை அதோடு போய்விடும். அந்தப் பொடி இட்லிப்பொடிக்கு ஆகும்.

பச்சைக் கடலைமாவு, மைதா, கோதுமை மாவு எதையும் இதில் சேர்க்காதே. வேகாத மாவில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. மாவு வேண்டும் என்றால் பொட்டுக்கடலை மாவு போடு, அது ஏற்கெனவே வறுபட்டது. ஈரத் தேங்காய்த் துருவலும் வேண்டாம், மறுநாளே சிக்கு வாடை வரும். கொப்பரைத் துருவல்தான் சரி.

வேர்க்கடலையையும் பாதாமையும் வாயில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு எடு. பூசண வாடை அடித்தாலும் கசந்தாலும் மொத்தமாகத் தூக்கிப் போடு, ஒன்றிரண்டைப் பொறுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தாதே.

பேரீச்சையில் கிமியா ரகம் மெத்தென்று ஈரமாக இருக்கும், அரைப்பது சுலபம். ஆனால் கொஞ்சம் ஏறினாலும் உருண்டை பிசுபிசுக்கும். பாக்கெட்டில் அழுத்திவரும் காய்ந்த ரகமாக இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடு. 'கொட்டை நீக்கியது' என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் பிளந்து பார். ஒரு கொட்டை போதும் பிளேடை உடைக்க.

1. அடிப்படை மாட்சா உருண்டை (20 உருண்டை)

தேவை: கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், பாதாம் 100 கிராம், ஓட்ஸ் 50 கிராம், வெள்ளை எள் 20 கிராம், மாட்சா தலைதட்டிய 3 டீஸ்பூன் (6 கிராம்), தேங்காய் எண்ணெய் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, மேலே புரட்டக் கொப்பரைத் துருவல் 2 டேபிள்ஸ்பூன்.

பாதாமை வெறும் வாணலியில் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வறு. ஓட்ஸை மணம் வரும் வரை, எள்ளை வெடிக்கும் வரை தனித்தனியாக வறு. எல்லாவற்றையும் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடு. 'கை பொறுக்கும் சூடு' என்றால் கூட ஆகாது, தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். சூட்டோடு மாட்சாவைச் சேர்த்தால் நிறமும் மணமும் அங்கேயே போய்விடும்.

ஆறியதும் மூன்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை மாதிரி கொரகொரப்பாகப் பொடி. தொடர்ந்து ஓட்டினால் பாதாம் எண்ணெய் கக்கிவிடும். அகலத் தட்டில் கொட்டு. மாட்சாவையும் உப்பையும் டீ வடிகட்டியில் போட்டுத் தட்டித் தட்டி இந்தப் பொடி மேல் சலி. சலிக்காமல் போட்டால் அங்கங்கே பச்சைக் கட்டி நின்று, கடிக்கும்போது நாக்கில் கசக்கும். நன்றாகக் கலந்துவிடு.

பேரீச்சையைத் துண்டு துண்டாக்கி, தேங்காய் எண்ணெய் விட்டு விழுதாக அரை. பிளேடில் சிக்கினால் நிறுத்தி, கரண்டியால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டு. விழுதைத் தட்டில் இருக்கும் பொடியோடு சேர்த்துக் கையால் பிசை. மாட்சா சேர்ந்த கலவையைத் திரும்ப மிக்ஸியில் போடாதே. பிளேடு சுற்றும் வேகத்தில் ஜார் சூடாகிவிடும்.

பிசைந்த மாவை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார். விரல் தடம் பதிந்து, விரிசல் விடாமல் நின்றால் அதுதான் பதம். எலுமிச்சை அளவைவிடச் சிறிதாக, இறுக்கிப் பிடித்து உருட்டு. எள்ளுருண்டைக்குப் பிடிப்பதைப் போல அவசரம் இல்லை, பாகு இறுகிவிடுமே என்ற பயம் இதில் கிடையாது. கொப்பரைத் துருவலில் புரட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை.

ஒரு உருண்டை சுமார் 20 கிராம், ஏறத்தாழ 80 கலோரி.

2. பச்சை நிறம் எடுப்பாகத் தெரிய முந்திரி உருண்டை (15 உருண்டை)

பேரீச்சை சேர்த்தால் உருண்டை பழுப்பாகத்தான் வரும், எவ்வளவு மாட்சா போட்டாலும் சரி. நிறத்துக்காக மாட்சாவைக் கூட்டிக்கொண்டே போகாதே, கசப்புதான் மிஞ்சும். இனிப்பை மாற்று.

தேவை: முந்திரி 100 கிராம், வெளிர்நிற உலர் திராட்சை 100 கிராம், கொப்பரைத் துருவல் 60 கிராம், மாட்சா தலைதட்டிய 2 டீஸ்பூன் (4 கிராம்), தேங்காய் எண்ணெய் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

திராட்சையைக் கழுவித் துணியில் பரப்பி, ஈரம் போக ஒரு மணி நேரம் உலர்த்து. முந்திரியை வறுக்க வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும். முந்திரியையும் கொப்பரையையும் பொடித்துத் தட்டில் கொட்டி, மாட்சாவைச் சலித்துக் கலந்துவிடு. திராட்சையை எண்ணெயோடு விழுதாக்கிச் சேர்த்துப் பிசைந்து உருட்டு. இதில் ஏலக்காய் வேண்டாம். அதன் மணம் மாட்சாவை அமுக்கிவிடும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம், புளிப்பு நிறத்தை மங்கவைக்கும்.

விருந்தாளிக்கு வைக்கும்போது மேலே மாட்சாப் பொடி தூவ ஆசைப்பட்டால், பரிமாறுவதற்குச் சற்று முன் தூவு. முன்கூட்டியே தூவினால் ஈரம் இழுத்துக் கரும்பச்சையாகிவிடும்.

3. கையைக் கடிக்காத செலவில் வேர்க்கடலை பார் (12 துண்டு)

பாதாம் முந்திரி விலைக்குப் பயந்து இதை விட்டுவிடாதே. நம் மளிகைக்கடைச் சாமானே போதும்.

தேவை: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 75 கிராம், பேரீச்சை 120 கிராம், அரிசிப்பொரி ஒரு கப், பூசணி விதை 2 டேபிள்ஸ்பூன், மாட்சா தலைதட்டிய 2 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

வேர்க்கடலையை மிக்ஸியில் ஓட்டு. முதலில் பொடியாகும், பிறகு சுவரில் ஒட்டும், வழித்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய் விட்டுத் தளதளவென்று வெண்ணெயாகும். ஜார் சூடானால் ஐந்து நிமிடம் இடைவெளி விடு. வெண்ணெய் முழுக்க ஆறிய பிறகு பேரீச்சை விழுதோடு கலந்துவிடு. பொட்டுக்கடலை மாவில் மாட்சாவையும் உப்பையும் சலித்துக் கலந்து, அதையும் சேர்த்துப் பிசை. கடைசியில் பொரியும் பூசணி விதையும். டிபன் பாக்ஸில் பட்டர் பேப்பர் விரித்துக் கொட்டி, டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்திச் சமமாக்கு. இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் துண்டு போடு. பொரி நமுத்துவிடும் என்பதால் நான்கு நாளுக்குள் சாப்பிட்டு முடி.

பதம் தப்பினால்

• உதிர்ந்தால்: ஒரு பேரீச்சையை மசித்துச் சேர். தண்ணீர் விட்டால் சீக்கிரம் கெடும், எனவே அது கடைசி வழி. விடுவதானாலும் ஒரு டீஸ்பூனைத் தாண்டாதே.

• கையில் ஒட்டினால்: பொட்டுக்கடலை மாவோ ஓட்ஸ் பொடியோ ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துப் பிசை. பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பிறகு உருட்டு.

• எண்ணெய் கசிந்தால்: பருப்பை அதிகம் அரைத்துவிட்டாய் என்று அர்த்தம். கொப்பரைத் துருவல் சேர், அது இழுத்துக்கொள்ளும்.

• கசந்தால்: இன்னொரு சிட்டிகை உப்பு போட்டுப் பார். இனிப்பைக் கூட்டுவதைவிட உப்பு கசப்பை நன்றாக அடக்கும்.

எடுத்து வைக்கும் முறை

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எண்ணெய் கூடுதலாகப் போட்ட உருண்டை மதியத்துக்குள் தளர்ந்துவிடும். அதனால்தான் ஒரு டீஸ்பூனோடு நிறுத்தச் சொன்னேன். பையில் எடுத்துப் போகும் அளவை மட்டும் அன்றன்று காலையில் எடு. உருண்டைகள் காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். ஃப்ரீசரில் இரண்டு மாதம். வெளியே வைத்தால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடு. அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. கண்ணாடி பாட்டிலில் வைப்பதானால் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து வை.

யாருக்கு, எவ்வளவு, எப்போது

நாளுக்கு இரண்டு உருண்டை போதும். பேரீச்சை இயற்கை இனிப்புதான், ஆனாலும் இனிப்பு இனிப்புதான். அடிப்படை உருண்டை ஒன்றில் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை அளவுக்கு இனிப்பு இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு 'சர்க்கரையே போடவில்லை' என்று சொல்லிக் கையில் திணிக்காதே. அவர்களின் உணவுத் திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடு.

மாட்சாவில் ஒரு கிராமுக்குச் சுமார் 20 முதல் 45 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். கணக்குப் போட்டால் அடிப்படை உருண்டை ஒன்றில் 6 முதல் 13 மில்லிகிராம். ஒரு டம்ளர் காபியை ஒப்பிட்டால் குறைவுதான். இருந்தாலும் நாள் முழுக்கக் குடிக்கும் காபி, டீயோடு சேர்த்தே கணக்கு வை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. தூக்கம் எளிதில் கலைபவர்கள் மாலையில் தொட வேண்டாம்.

அடுத்து நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் இருந்து உடம்பு இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். வீகனாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இரும்புச்சத்து முழுக்கத் தாவர உணவில் இருந்துதான் வர வேண்டும் என்பதால் இது இன்னும் முக்கியம். சாப்பாட்டுக்கும் மாட்சாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. இரும்பு மாத்திரை சாப்பிடும் நேரத்தில் அறவே வேண்டாம். அந்த மாத்திரையோடு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் நல்லது, வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற்ற உதவும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்சா சேர்க்கக் கூடாது. அதில் இலையே முழுதாக உள்ளே போவதால் வைட்டமின் கே-யும் சேர்ந்து போகும், அது மருந்தின் வேலையைக் குறைக்கலாம். வெறும் வயிற்றில் மாட்சா சிலருக்குக் குமட்டும், காலை எழுந்ததும் இதை வாயில் போடாதே.

குழந்தைகளுக்கு மாட்சா இல்லாமல் தனியாகப் பிடி. பச்சை நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அரை டீஸ்பூன் முருங்கைக்கீரைப் பொடி போதும், காஃபீன் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு உருண்டையாகக் கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். பருப்பை நைசாக அரைத்து, தட்டையாகத் தட்டி, துண்டாக்கிக் கொடு. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும்போது வேர்க்கடலை, முந்திரி, எள் என்று என்ன சேர்த்தாய் என்பதைச் சொல்லி அனுப்பு. ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒரு துணுக்கே ஆபத்து.

இந்த ஞாயிறு தொடங்கு

முதல் தடவை அளவை எல்லாம் பாதியாக்கி, பத்து உருண்டை மட்டும் பிடி. மாட்சாவை ஒரு டீஸ்பூனில் தொடங்கி, பிசைந்த மாவை ருசி பார்த்து, வேண்டும் என்றால் அரை டீஸ்பூன் கூட்டு. உன் நாக்குக்குப் பிடித்த அளவு தெரிந்ததும் அதை ஒரு சீட்டில் எழுதி மாட்சா டப்பா மூடியிலேயே ஒட்டிவிடு. அடுத்த வாரத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு செய்வாய். வேலையும் படிப்பும் எவ்வளவு இருந்தாலும் வயிற்றைக் காயப்போடாதே, தங்கச்சி. கிளம்பும்போது டப்பாவைப் பையில் போட மறக்காதே.